கதவை இழுத்த யானை

ஒரு யானை என் காரின் கதவுக் கைபிடியைப் பிடித்து இழுத்தது என்று எட்டு மாதங்களாக நம்பிக்கொண்டிருந்தேன்.

இடித்தது அல்ல. நசுக்கியது அல்ல. இழுத்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி, மரியாதையாக, இரண்டு தரம் — டக்... டக்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்தரை மணி வரைக்கும் இதைக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அன்று மத்தியானம்கூட லண்டன் ஹரோவில், நண்பர் தேவன் வீட்டில், ஒரு கையில் மீன் ரோல்ஸும் மறு கையில் பேப்பர் நாப்கினுமாக நின்று இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். தேவனின் மகளுக்குப் பிறந்தநாள். கேக் வெட்டியாயிற்று. இனி என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் நிற்கிற நேரம்.

"அண்ணை, அந்த யானைக் கதையை இவையளுக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றார் தேவன்.

"சும்மா இரும் தேவன், எல்லாருக்கும் தெரிஞ்ச கதை" என்றேன். சொல்லத் தொடங்குவதற்கு முன் சொல்ல வேண்டிய சம்பிரதாய வசனம் அது. அடுத்த நிமிடம் தொடங்கிவிட்டேன்.

கைபிடியை இழுத்த கட்டம் வந்ததும், புதிதாக வந்திருந்த ஒரு பெண் கேட்டார்: "யானைக்குக் கார்க் கதவு திறக்கத் தெரியுமோ?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் எட்டு மாதமாகப் பதில் தயாரித்து வைத்திருக்கிறேன். "எங்கடை யானைக்குத் தும்பிக்கை நுனியிலை விரல் மாதிரி ஒண்டுதான். ஆபிரிக்க யானைக்கு ரெண்டு. கைபிடியை வடிவாப் பிடிக்கும்."

அந்தப் பெண் வாயைப் பிளந்தார். பிறகு என் மனைவி கௌரியின் பக்கம் திரும்பினார். "அப்ப அக்கா, நீங்கள் அந்த நேரம் எங்கை நிண்டனீங்கள்?"

"நான் வெளியிலை" என்றாள் கௌரி. சொல்லிவிட்டு ஒரு வடையை முழுதாக வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

வடை பெரிது. அதற்குப் பிறகு அவளிடம் யாரும் எதையும் கேட்க முடியவில்லை.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் வீரம் தெரியும். கிங்ஸ்பரியில் எங்கள் வீட்டுப் பின் தோட்டத்துக்கு ஒரு நரி வரும். அதற்குப் பயந்து, குப்பைத் தொட்டியை வெளியில் வைக்கக் குடையோடு போகிறவன் நான். மழை இல்லாத நாளிலும். அப்படிப்பட்ட ஆள் ஆபிரிக்கக் காட்டில், வேலி இல்லாத இடத்தில், காரின் தலையில் கூடாரம் கட்டிப் படுத்தான் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

கௌரிக்கு ஐம்பது வயதானது.

என்ன வேண்டும் என்று கேட்டேன். சங்கிலி கேட்பாள், அல்லது புது சோபா கேட்பாள் என்று மனத்தைத் தயார்படுத்தி வைத்திருந்தேன்.

"யானை பாக்க வேணும்."

"அதுக்கென்ன, சனிக்கிழமை மிருகக்காட்சிச்சாலைக்குப் போவம்."

"அடைச்சு வைச்ச யானை இல்லை. கோயிலிலை சங்கிலி போட்டு நிக்கிற யானையும் இல்லை. தன்ரை பாட்டிலை நடந்து திரியிற யானை."

கௌரி ஆஸ்பத்திரி வார்ட் ஒன்றில் பொறுப்பு நர்ஸ். "இருபத்தைஞ்சு வருசமாப் படுத்திருக்கிற ஆக்களைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறன். பெரிசா ஒண்டு எழும்பி நடந்து போறதை ஒருக்காப் பாக்க வேணும்" என்றாள். இதற்கு மேல் ஒரு புருஷன் என்ன வாதாட முடியும்?

மிச்சத்தை மகள் அபி பார்த்துக்கொண்டாள். கம்ப்யூட்டரில் பத்து நிமிடம் தட்டினாள். போட்ஸ்வானா. பத்து நாள். ஃபோர் வீல் கார், கூரையில் மடிக்கிற கூடாரம், டிரைவர் கிடையாது, வழிகாட்டி கிடையாது. நானே ஓட்ட வேண்டும், நானே தொலைய வேண்டும்.

"அப்பா, இட்ஸ் ஸோ சேஃப். ஜஸ்ட் ஃபாலோ த ரூல்ஸ்" என்றாள், லண்டனில் தன் கட்டிலில் படுத்துக்கொண்டே.

எனக்கு வந்த எரிச்சலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்து வன்னியில் தறப்பாள் கூடாரத்தின் கீழ் ஏழு மாதம் கிடந்தவன் நான். மழை பெய்தால் நனைவோம், வெயில் அடித்தால் வேகுவோம், பாம்பு வந்தால் எழும்பி இடம் விடுவோம். அதிலிருந்து தப்பி இந்த நாட்டுக்கு வந்து, பெற்றோல் நிலையத்தில் இரட்டை ஷிப்ட் அடித்து, செங்கல் சுவர் வைத்த வீடு ஒன்றில் உட்கார்ந்து மூச்சு விட்டால்... ஐம்பத்து மூன்று வயதில் விடுமுறைக்கு மறுபடியும் தறப்பாள்! அன்று அதற்குப் பெயர் அகதி முகாம். இன்று அதற்குப் பெயர் கேம்பிங். இன்று ஆறு மாதத்துக்கு முன்பே புக் பண்ண வேண்டும். வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

மவுன் என்கிற ஊரில் காரைக் கையளித்தவர் பெயர் கபோ. உயரமான, சிரித்த முகமான மனிதர். கூடாரத்தை எப்படி விரிப்பது, மணலில் புதைந்தால் டயர்க் காற்றை எவ்வளவு குறைப்பது என்று ஒரு மணித்தியாலம் விளக்கினார். கடைசியில் விரலை உயர்த்தினார்.

"முகாமில் யானை வந்தால் மூன்று விஷயம். ஓடக் கூடாது. சத்தம் போடக் கூடாது. மெதுவாக நடந்து காருக்குள் ஏறிவிட வேண்டும்."

கௌரி அதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். நான் தலையாட்டினேன்.

"இன்னொன்று. காரில் ஒரேஞ் பழம் வைத்திருக்காதீர்கள். புளிப்புப் பழ வாசம் யானைக்கு வெகு தூரத்துக்குத் தெரியும். பிடித்துவிட்டால் உங்கள் கார் அதற்கு ஒரு மீன் டின். திறந்துவிடும்."

இதையும் கௌரி எழுதினாள். இதற்கும் நான் தலையாட்டினேன். தலையாட்டுகிறவனின் காது வேலை செய்கிறது என்று யார் சொன்னது?

அரை மணித்தியாலம் கழித்து சூப்பர் மார்க்கெட் கார்ப் பார்க். கௌரி ஐஸ் வாங்க உள்ளே போயிருந்தாள். அந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் தெரியுமா?

புதுக் கார் எடுத்தால் நாங்கள் என்ன செய்வோம்? பிள்ளையார் கோயில் வாசலில் நிறுத்தி, நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய் வைத்து, நசித்துக்கொண்டு ஓட்டுவோம். தேசிக்காய் என்றால் இந்திய வாசகர்களுக்கு எலுமிச்சம்பழம். வாடகைக் கார் என்றாலும் சில்லு சில்லுதானே? காட்டுக்குள் போகிற கார் வேறு. முதலில் போய் ஒரு பை தேசிக்காய் வாங்கி வைத்திருந்தேன். லண்டனிலிருந்து திருநீறும் குங்குமமும் கொண்டுபோயிருந்தேன். நாலைச் சில்லுக்குக் கீழே வைத்தேன். நசித்தேன். கார்ப் பார்க் காவலாளி வந்து, குனிந்து பார்த்து, தள்ளிப் போய் நின்றுகொண்டார். ஐந்தாவதுக்குப் பொட்டு வைத்து டாஷ்போர்ட்டில் நடுவாக வைத்தேன். மிச்சத்தை அந்தக் காவலாளிக்கே கொடுத்துவிட்டேன்.

ஐஸோடு வந்த கௌரி அதைப் பார்த்தாள்.

"இது என்னப்பா?"

"பாதுகாப்பு."

"இப்பத்தானே அந்த மனுசன் சொன்னவர், புளிப்புப் பழம் வைக்காதேங்கோ எண்டு?"

"பழம் எண்டுதானே சொன்னவர். இது பழமே? பூசைச் சாமான்!"

நான் பகிடிக்குச் சொல்லவில்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள் — டாஷ்போர்ட்டில் குங்குமத்தோடு இருக்கிற தேசிக்காயை நம்மில் யாராவது பழம் என்று நினைத்திருக்கிறோமா? அது சீட் பெல்ட், ஏர் பேக் வரிசையில் வருகிற சாமான். கௌரி கொப்பியை மூடிப் பைக்குள் வைத்தாள். நாங்கள் கல்யாணம் செய்து இருபத்தாறு வருஷம். எந்த இடத்தில் பேச்சை நிறுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் நாள் ஒரு யானையும் இல்லை. பாதை முழுக்க லத்தி மட்டும், ஒவ்வொன்றும் ஒரு பூசணிக்காய் அளவில். இரண்டு தரம் மணலில் புதைந்தோம். மண்வெட்டியால் கிண்டியது நான். "இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்றது கௌரி. இரண்டாம் நாள் ஆற்றின் அக்கரையில் பதினைந்து இருபது யானைகள், குட்டிகளோடு. கௌரி இரண்டு மணித்தியாலம் பைனாகுலரை இறக்கவில்லை. நான் என்ஜினை ஓடவிட்டபடியே இருந்தேன்.

"நிப்பாட்டுங்கோவன், சத்தமா இருக்கு."

"அவசரத்துக்கு வேணும்."

"அது அக்கரையிலை நிக்குது."

"நீந்தும்."

மூன்றாம் நாள்தான் அது நடந்தது.

முகாம் என்றால் ஒரு பெரிய மரம், நெருப்பு மூட்ட ஒரு குழி, ஒரு தண்ணீர்க் குழாய், பின்னால் ஐம்பது அடி தள்ளி ஒரு டொய்லெட் கட்டிடம். அவ்வளவுதான். வேலி எங்கே என்று வாசல் அலுவலகத்துப் பெண்ணிடம் கேட்டேன். அவள் அதைப் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பின்னேரம் நாலரை மணி. கூரையில் கூடாரத்தை விரித்து, பின்பக்கம் ஏணியையும் இறக்கி விட்டிருந்தேன். கௌரி முகம் கழுவ டொய்லெட் கட்டிடத்துக்குப் போனாள். நான் போன் சார்ஜ் போட டிரைவர் சீட்டில் ஏறி, பூச்சி வராமல் கண்ணாடியெல்லாம் ஏற்றி, கதவையும் சாத்திக்கொண்டு இருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், முன்னால் இருந்த மரத்தில் ஒன்று நகர்ந்தது.

மரம் அல்ல.

தந்தம் வைத்த ஆண் யானை. தனியாக. எப்படிச் சத்தமே இல்லாமல் வந்தது? எங்கள் வீட்டு மாடிப் படியில் நான் ஏறினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அது ஒரு லொறி அளவு இருந்தது. காய்ந்த இலைகூட நொறுங்கவில்லை. தும்பிக்கையை உயர்த்தியது. காற்றை மோந்தது. காரைப் பார்த்தது.

அந்தக் கணத்தில் என் கட்டைவிரல் தானாகப் போய் சென்ட்ரல் லாக்கை அமுக்கிவிட்டது. லண்டனில் சிவப்பு விளக்கில் நின்றால் நான் செய்கிற காரியம். நாலு கதவும் — டக். கௌரியின் நினைவு வராமல் இல்லை. வந்தது. அவள் டொய்லெட் கட்டிடத்துக்குள் பத்திரமாக இருப்பாள், உள்ளே தாழ்ப்பாள் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே ஸ்டியரிங்குக்குக் கீழே இறங்கிவிட்டேன். ஐம்பத்து மூன்று வயது, நாற்பது இஞ்ச் இடுப்பு. அந்த இடைவெளிக்குள் எப்படிப் புகுந்தேன் என்பது இன்றுவரை தெரியாது.

கீழே இருந்து அண்ணாந்து பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. டாஷ்போர்ட் விளிம்பில், மூன்று நாள் வெயிலில் வாடி, குங்குமப் பொட்டோடு...

தேசிக்காய்.

மீன் டின் ஞாபகம் வந்தது.

யானை எதைத் தேடி வந்திருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. கையை நீட்டி எடுத்துவிட்டேன். எடுத்து என்ன செய்வது? வெளியில் எறிய வேண்டுமென்றால் கண்ணாடியை இறக்க வேண்டும். சட்டைப் பைக்குள் வைத்தால் என்னைத் தேடும். பிள்ளையாரே, நான் வைத்தது உனக்காகத்தானே, உன் ஆளை அனுப்பி வாங்க வேண்டுமா...

அப்போதுதான் இடப்பக்கக் கதவில் அந்தச் சத்தம். டக்.

கைபிடி.

கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம். டக்.

நான் தேசிக்காயை வாய்க்குள் போட்டுக்கொண்டேன். தோலோடு, விதையோடு, திருநீறோடு, குங்குமத்தோடு. அந்தக் காரில் காற்றுப் புகாத பெட்டி என்று இருந்தது என் வயிறு ஒன்றுதான். கண்ணை இறுக மூடிக்கொண்டு மென்றேன். பல் கூசி, காது அடைத்து, கண்ணால் தண்ணீர் ஓடியது. பாதி விழுங்கியபோது புது யோசனை வந்தது — இப்போது வாசம் என் வாயிலிருந்து வருமே! வாயைக் கையால் பொத்திக்கொண்டேன்.

பிறகு கூரை அதிர்ந்தது. தொம்... தொம்... என் தலைக்கு நேர் மேலே. தும்பிக்கையைக் கூரையில் வைத்துவிட்டது. இனி டின்னைத் திறக்கப் போகிறது. அபிக்குச் சொல்ல வேண்டிய கடைசி வசனத்தை யோசித்தேன். 'ஸோ சேஃப்' என்பதைத் தவிர ஒன்றும் வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ தெரியாது. மேலேயிருந்து ஒரு குரல் வந்தது.

"என்னப்பா... உள்ளையோ இருக்கிறீங்கள்?"

கௌரி.

கூடாரத்துக்குள் இருந்தாள். யானை குழாயடியில் தண்ணீர் குடித்ததை, காதை ஆட்டியதை, திரும்பிப் போனதை எல்லாம் மேலே உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். ஏணியால் இறங்கி வந்தபோது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "எவ்வளவு கிட்ட... அதின்ரை கண் இமை மயிர்கூடத் தெரிஞ்சுது" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்த வெளிச்சம் கொஞ்சம் குறைந்தது.

ஏன் காருக்குள் வராமல் ஏணியில் ஏறினீர் என்று நான் கேட்கவில்லை. எனக்குச் சொல்ல என் கதை இருந்தது. "கௌரி, யானை கதவை இழுத்தது! ரெண்டு தரம்!"

அன்று தொடங்கியது. விமானத்தில் பக்கத்து சீட்காரருக்குச் சொன்னேன். இல்ஃபோர்ட்டில் மச்சான் வீட்டில் சொன்னேன். கோயிலில் அன்னதான வரிசையில் நின்று சொன்னேன். தேசிக்காய் தின்ற கதையைக்கூட மறைக்கவில்லை, சிரிப்பு வருமே. லாக்கை அமுக்கியதை மட்டும் எப்படியோ சொல்ல மறந்துவிடுவேன். ஒவ்வொரு தரமும்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? பயந்தவனைப் போல் தலைக்கனம் பிடித்தவன் உலகத்தில் கிடையாது. காட்டில் உள்ள அத்தனை மிருகமும் தன்னைத் தேடித்தான் வருகிறது என்று நினைப்பான்.

சரி, போன ஞாயிறுக்கு வருவோம்.

தேவன் வீட்டிலிருந்து திரும்புகிறோம். கென்டன் வீதியில் சிவப்பு விளக்கு. கௌரியின் மடியில் மிஞ்சிய ரோல்ஸ் கட்டிக் கொடுத்த அலுமினியத் தாள் பொட்டலம். என் கட்டைவிரல் வழக்கம்போலப் போய் லாக்கை அமுக்கியது. டக்.

கௌரி சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?"

"ஒண்டுமில்லை."

"சொல்லுமன்."

"யானை ரெண்டு தரம் இழுத்தது எண்டெல்லே சொன்னனீங்கள்?"

"ஓம். ரெண்டு தரம்."

"மூண்டு தரம்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

கௌரி என்னைப் பார்த்தபடி இருந்தாள். பச்சை விழுந்தது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான். இன்னும் நீளமாக அடித்தான். நான் காரை எடுத்து, கொஞ்சம் தள்ளி ஓரமாக நிறுத்தினேன்.

"நீர் ஏன் அண்டைக்கே சொல்லேல்லை?"

"நீங்கள் இறங்கி நிண்ட கோலத்தைப் பாத்து மனம் வரேல்லை. வாயெல்லாம் குங்குமம். பிறகு சொல்லுவம் எண்டு விட்டன். அதுக்குள்ளை நீங்கள் கதையாச் சொல்லத் தொடங்கிட்டீங்கள்." பொட்டலத்தின் விளிம்பை மடித்தாள், விரித்தாள். "ஒவ்வொரு தரமும் நீங்கள் சொல்லேக்கை, இப்ப உங்களுக்கே விளங்கும், இப்ப விளங்கும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

அவள் கபோ சொன்னபடியே செய்திருக்கிறாள். ஓடவில்லை. சத்தம் போடவில்லை. மெதுவாக நடந்து காரடிக்கு வந்திருக்கிறாள். மூன்றாம் தரம் எனக்குக் கேட்கவில்லை; நான் மென்றுகொண்டிருந்தேன்.

ஆகவே தேவனுக்கும், இல்ஃபோர்ட் மச்சானுக்கும், அன்னதான வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் ஒரு திருத்தம். யானை தண்ணீர் குடிக்க வந்தது. குடித்தது. போனது. காருக்குக் கிட்டவே வரவில்லை.

கதவை இழுத்தது கௌரி. பூட்டியது நான்.